பாறைக்குள் நின்ற கொடிகள்

சாயங்காலத்தோடு தேடுவதை நிறுத்தப்போகிறோம் என்று டொமினிக் சொன்னபோது பவளராணி டீ குடித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சு சார்."

"கூரை பேச ஆரம்பிச்சிருச்சு. இனிமே என் ஆளுங்களை அதுக்குக் கீழ நிறுத்த முடியாது."

கூரை பேசுவது என்றால் பாறைக்குள் ஏதோ முறியும் சத்தம். சோளம் பொரிவது போல இருக்கும். அது கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். டொமினிக் மீட்புக் குழுவின் தலைவர். கோலாரில் பிறந்து சுரங்கத்துக்குள்ளேயே தலை நரைத்தவர். அவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

வெளியே மழை. தார்ப்பாய்க் கொட்டகையின் ஓரத்திலிருந்து தண்ணீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. பவளராணி அதைப் பார்த்தாள். அழ வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அந்தச் சுரங்கத்துக்கு ஆனைப்பள்ளம் என்று பெயர். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. தங்கம் கிடைக்கும் என்று வெள்ளைக்காரன் தோண்டினான். கிடைத்தது போதவில்லை. விட்டுவிட்டுப் போனான். இப்போது ஒரு புதிய கம்பெனி, உள்ளே மிச்சம் ஏதாவது உண்டா என்று அளந்து பார்க்க ஆள் அனுப்பியிருந்தது. அந்தக் குழுவில் பவளராணி இருந்தாள். அவள் தம்பி தயாபரனும் இருந்தான். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் தயாபரன் தனியாக உள்ளே போனான். மூன்றாம் வழியை மட்டும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னான். வரவில்லை.

அளவை வேலை முன்புபோல இல்லை. ஹெல்மெட்டின் முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். அதை இறக்கிவிட்டால் பாறையின் மேலேயே பழைய வரைபடம் தெரியும். போக வேண்டிய வழி பச்சைக் கோடாக ஓடும். மோசமான இடம் சிவப்பாகும். கூட வேலை செய்கிறவரைப் பார்த்தால் அவர் தலைக்கு மேல் பெயர் தொங்கும். கவனிக்க வேண்டியது எதையாவது கண்டால் விரலை நீட்டிக் காற்றிலேயே ஒரு கொடி குத்தலாம். அதில் நாலு வார்த்தை பேசியும் வைக்கலாம். பின்னால் வருகிறவருக்கு அதே இடத்தில் கொடி நிற்கும். கிட்டே போனால் குத்தியவர் குரல் கேட்கும். கண்ணாடியைத் தூக்கிவிட்டால் ஒன்றும் இருக்காது. பாறை, இருட்டு.

ஸ்டோர் பார்க்கும் பழனியாண்டிகூட இதைப் போட்டுக்கொண்டுதான் அலமாரியில் நட்டும் போல்ட்டும் தேடுவார். எந்தப் பெட்டி என்று அம்புக்குறி காட்டும். ஒருநாள் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அதைக் காட்டவில்லை. அது மூக்கில்தான் இருந்தது.

சுரங்க வாயிலிருந்து ஒரு குறுகலான வழி உள்ளே போய் ஒரு பெரிய மண்டபத்தில் முடியும். மண்டபத்தின் எதிர்ச் சுவரில் ஐந்து வழிகள், விரித்த கையின் விரல்கள்போல. ஐந்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மண்டபத்தின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதில் ஒரு பலகையை மாட்டியிருந்தார்கள். பலகை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பூமிக்கு அடியில் செயற்கைக்கோள் எட்டாது. தான் எங்கே இருக்கிறோம் என்று கண்ணாடிக்குத் தெரியாது. பலகையின் முன்னால் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். மணி அடித்ததுபோல ஒரு சத்தம் வரும். அதன்பிறகு வரைபடம் தானாகப் போய்ப் பாறையில் உட்காரும்.

தயாபரன் குத்திய கொடிகள் கண்ணாடிகளின் தகவலைச் சேர்த்து வைக்க மண்டபத்தில் இருந்த பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தன. மீட்புக் குழு அவற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வழியில் போனது. முதல் சில கொடிகள் காலி வழியில் நின்றன. அப்புறம் வழியை மறித்து ஒரு பாறைச் சரிவு. மீதிக் கொடிகள் அதற்குள்ளே தெரிந்தன. கடைசிக் கொடி வெகு தூரத்தில், கல்லுக்குள், புகைக்குள் எரியும் விளக்குபோல மங்கலாக நின்றது. பையன் சரிவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான் என்றார்கள். தோண்டினார்கள். ராவும் பகலும் தோண்டினார்கள்.

கொடிகளில் அவன் குரல் இருந்தது.

"பவளம் மேடத்தின் மேலான கவனத்துக்கு. இங்க கூரை சொட்டுது. மேடம் வரும்போது குடை எடுத்துட்டு வரவும்."

தோண்டியவர்கள் முதலில் கேட்டபோது லேசாகச் சிரித்தார்கள். பிறகு அந்தக் கொடியைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொண்டார்கள். பவளராணி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். ரேடியோவில் யாரோ பேசுவதுபோல இருந்தது.

ஒரு கொடியில் அவன் சொன்னது மட்டும் பவளராணிக்கு இடித்தது. "இங்க ஒரு மடு இருக்கு. முழங்கால் அளவுத் தண்ணி. தாண்டிரலாம்."

"மூணாவது வழி காஞ்சு கிடக்கே சார்," என்று அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"சரிவுக்குப் பின்னாடி இருக்கும்," என்றார் சைட் என்ஜினியர் ஸ்ரீவத்சன். படித்தவர், நல்லவர். அவரும் தூங்கவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

இப்போது தோண்டுவதையும் நிறுத்தப்போகிறார்கள்.

பவளராணி போனை எடுத்தாள். வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த ஆயுத பூஜைப் படத்தைத் திறந்தாள். இந்த நாட்களில் அதைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. மண்டபத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். கம்ப்ரஸருக்குப் பொட்டு. துளைபோடும் மிஷினுக்கு மாலை. இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தயாபரன் வாய் நிறையப் பொரியை வைத்துக்கொண்டு கன்னம் உப்பி நிற்கிறான். அவள் அவன் முகத்தைப் பெரிதாக்கினாள். ஒன்றும் வரவில்லை. விரலை எடுத்தாள். படம் நழுவி, அவன் தோளுக்குப் பின்னாலிருந்த பலகை திரையின் நடுவே வந்து நின்றது.

பலகையின் நாலு மூலையிலும் சந்தனம். மேலே மாலை. பலகை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள்.

கேமரா கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து எடுத்தது. பலகை எப்போதும் நுழைவழியைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸரைப் பார்க்கக் கூடாது.

எழுந்தாள். ஸ்டோர் கொட்டகைக்கு நடந்தாள். மழையில் நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"பழனியாண்டி அண்ணே, பூஜையன்னைக்கு பலகையைத் திருப்புனது யாரு?"

பழனியாண்டி அடுப்பை விட்டு நிமிர்ந்தார். டீ போடுவதும் அவர்தான். "எல்லாரும்தான். கம்ப்ரஸர் பக்கம்தானே படையல் வெச்சோம். பலகை மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பி விட்டோம். உன் தம்பிதான் ஸ்பேனர் புடிச்சான்."

"திரும்ப நேரா வெச்சது?"

"நான். மறுநாள் மத்தியானம், தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மறுபூஜை முடிச்சு, மாலையெல்லாம் எடுத்துட்டு, சந்தனத்தைத் துடைச்சு, கீழ பெயின்ட்ல போட்டிருக்கிற அம்புக்குறிக்கு நேரா வெச்சேன். அதுக்கு முன்னாடி தொடலாமா? பூஜையில வெச்ச சாமானை மறுபூஜை முடியாம அசைக்கக் கூடாதில்ல."

"தயா உள்ள போனது மறுநாள் காலையில அண்ணே."

பழனியாண்டி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

அவனும் தொட்டிருக்கமாட்டான். பூஜையில் வைத்த பலகை. எட்ட நின்று பார்த்திருப்பான். சத்தம் வந்திருக்கும். எதிரே ஐந்து வழிகள். ஒன்றில் பச்சைக்கோடு ஓடியிருக்கும். மூன்றாம் வழி அதுதான் என்று கண்ணாடி சொல்லியிருக்கும். அதுவரை அவன் முதல் இரண்டு வழிகளில் மட்டுமே வேலை செய்திருந்தான். திரும்பி நுழைவழியைப் பார்த்திருந்தால் வரைபடம் கோணலாக இருப்பது தெரிந்திருக்கும். உள்ளே போகிறவர் யாரும் வழிகளை எண்ணுவதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

டொமினிக் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் போனை நீட்டினாள். சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். ஷூவைத் திரும்ப மாட்டினார்.

ஸ்ரீவத்சன் மறித்தார். "சார், பலகை அந்த அளவு திரும்பினா மூணாவது வழி நாலாவது மேல விழும். நாலாவது முழுக்கத் தண்ணி. வரைபடத்துல சிவப்பா இருக்கு. நாமளும் வாசல்ல நின்னு லைட் அடிச்சுப் பார்த்தோம். வளைவுல தண்ணி தெரிஞ்சுது."

"பையனுக்கு அந்தச் சிவப்பு தெரிஞ்சிருக்குமா?" என்றார் டொமினிக்.

தெரிந்திருக்காது. சிவப்பும் ஒரு வழி தள்ளிப் போயிருக்கும்.

"வாங்க. பேசிப் பார்க்கிறதைவிடத் திருப்பிப் பார்த்துரலாம்."

மண்டபத்துக்குப் போனார்கள். பழனியாண்டி ஸ்பேனரோடு பின்னால் ஓடிவந்தார். பவளராணி படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் பலகையைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம். போதும். இல்ல, ஒரு நூல் பின்னாடி. அங்கதான்."

கிளாம்பை முடுக்கினார். அவள் கண்ணாடியை இறக்கிப் பலகையின் முன்னால் நின்றாள்.

சத்தம் வந்தது.

சுவருக்குள் புதைந்திருந்த கொடிகள் அசைந்தன. எல்லாம் ஒரே சமயத்தில் வலப்பக்கம் வழுக்கின. பாறையை விட்டு வெளியே வந்தன. நான்காம் வழியின் திறந்த வாய்க்குள், ஒன்றன்பின் ஒன்றாக, தெருவிளக்குகள்போல வரிசையாக நின்றன. ஒன்றுகூடச் சுவரில் இல்லை.

அவள் பார்த்ததை டொமினிக்கின் கண்ணாடியும் காட்டியது.

"தப்பான சுவத்தை உடைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்," என்றார்.

மூன்று பேர் போவது என்று முடிவானது. டொமினிக், அவர் ஆள் பைரோஸ், பவளராணி.

"நீ வேண்டாம்மா," என்றார் டொமினிக்.

"கொடியை வெச்சு நடக்க உங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

"நீச்சல் தெரியுமா?"

"அணைக்குப் பக்கத்துல வளந்தேன்."

அவள் முகத்தைப் பார்த்தார். அதில் பயம் இல்லை. ஆசையும் இல்லை. "பயமில்லாத ஆளைக் கூட்டிட்டுப் போறது எனக்குப் பயம்," என்றார். ஆனாலும் கயிற்றின் நடுவில் அவளைக் கட்டினார்.

பைரோஸ் பின்னால் நின்று கயிற்றைச் சுண்டினான். மெலிந்த உயரமான ஆள். வாய் ஓயாது. "கவலைப்படாதீங்க மேடம். எங்க கேப்டன் இதுவரைக்கும் யாரையும் உள்ள விட்டுட்டு வந்ததில்ல. என்னை மட்டும் ரெண்டு தடவை விட்டுட்டு வந்தாரு. நானே வந்துட்டேன்."

"நட்றா," என்றார் டொமினிக்.

நான்காம் வழிக்குள் நுழைந்தார்கள். வழி குனிந்து நடக்கும் உயரம். தரையில் சேறு. நுழைந்ததுமே அவள் கண்ணாடி கத்த ஆரம்பித்தது. முன்னால் சுவர், முன்னால் சுவர் என்று சிவப்பாக மின்னியது. எதிரே காலி வழி. மீட்புக் குழு வரைபடத்தில் குறித்திருந்த மூன்றாம் வழிச் சரிவு இப்போது இந்த வழியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் கையை நீட்டினாள். காற்றுதான் தட்டுப்பட்டது. ஆனாலும் கால் நின்றுவிட்டது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து சிவப்பைக் கண்டால் நிற்கப் பழகிய கால்.

வரைபடத்தை அணைத்தாள். கொடிகளை மட்டும் வைத்துக்கொண்டாள். கோடுகள் போயின. பெயர்கள் போயின. முதல்முறையாக வெறும் பாறையைப் பார்த்தாள். ஈரமாக, கறுப்பாக இருந்தது.

"பவளம் மேடத்தின் மேலான கவனத்துக்கு," என்றது முதல் கொடி.

டொமினிக் அண்ணாந்து பார்த்தார். அவர் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வழியில் அந்தக் கொடி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை. யாரும் அதை யோசித்ததில்லை.

"இவனுக்கு எப்பவும் இந்த நக்கல்தானா?" என்றான் பைரோஸ்.

"எப்பவும்," என்றாள்.

கூரை தாழ்ந்தது. முழங்காலால் போனார்கள். பழைய மரத்தூண்கள் தொட்டால் உதிரும் அளவுக்கு மக்கியிருந்தன. ஒன்றின்மேல் பைரோஸின் தோள் உரசியது. மேலே பொரிவதுபோலச் சத்தம். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் மண் கொட்டியது. அடங்கியது.

"மெதுவா," என்றார் டொமினிக். "கல்யாண வீட்டுல தூங்குற மாமனாரைத் தாண்டிப் போற மாதிரி போ."

சேற்றில் ஒரு ஷூத் தடம் கிடந்தது. குதிகால் பக்கம் தேய்ந்த தடம். தயாபரன் குதிகாலைத் தேய்த்து நடப்பான். அம்மா அதற்காகத் திட்டியிருக்கிறாள். பவளராணி அதைத் தாண்டிப் போனாள். தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பின்னால் வந்த பைரோஸ்தான் அதன்மேல் கை வைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தான்.

வளைவில் தண்ணீர் வந்தது. முதலில் கணுக்கால். பிறகு இடுப்பு. பிறகு கூரை இறங்கித் தண்ணீரைத் தொட்டது. வழி அங்கே முடிந்தது.

முடியவில்லை. கண்ணாடியில் தண்ணீருக்கு அடியில் ஒரு கொடி நின்றது. மஞ்சளாக, அசையாமல்.

அவள் குனிந்தாள். குரல் வந்தது. "இங்க ஒரு மடு இருக்கு. முழங்கால் அளவுத் தண்ணி. தாண்டிரலாம்."

"அவன் போறப்ப முழங்கால்," என்றார் டொமினிக். "அப்புறம் மலையில பெஞ்சது பூரா இங்க வந்து நின்னிருக்கு. அதான் உள்ள கத்தினாலும் வெளிய கேக்கல."

"அடுத்த கொடி?" என்றான் பைரோஸ்.

அவள் பார்த்தாள். தண்ணீருக்கு அப்பால், கொஞ்சம் மேலே, இன்னொன்று. அதுதான் கடைசி. "தெரியுது. ஒரு மூச்சுத் தூரம்தான்."

"யார் மூச்சு? கேப்டன் மூச்சா, என் மூச்சா? நான் பீடியை விட்டு ஒரு மாசம்தான் ஆச்சு."

டொமினிக் சிரிக்கவில்லை. தண்ணீரில் விளக்கை அடித்தார். காப்பிபோல இருந்தது. விளக்கு ஒரு கை தூரம்கூட இறங்கவில்லை. "இதுல கண்ணைத் தொறந்தும் பிரயோசனமில்லை. பக்கவாட்டுல ஏதாவது பொந்து இருந்தா அதுக்குள்ள போயிருவோம்."

"கொடி தண்ணியில இல்ல சார். கண்ணாடியில இருக்கு. சேறு அதை மறைக்காது."

"கேமராவை மறைக்குமே?"

"மறைக்கும். ஆனா நான் எவ்வளவு அசையிறேன்னு அதுவே கணக்குப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்குள்ள போயிரணும்."

"தாங்கலைன்னா?"

"கயிறை இழுங்க."

அவர் யோசித்தார். மேலே ஒரு சொடுக்குச் சத்தம். யோசிப்பதற்கும் நேரம் குறைவாக இருந்தது. அவள் இடுப்பில் கயிற்றை அவிழ்த்து வேறு முடிச்சு போட்டார்.

"ஒரு சுண்டு சுண்டினா வந்து சேர்ந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டுன்னா இழுத்துருவேன். சுண்டவே இல்லைன்னாலும் இழுத்துருவேன்."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினாள்.

குளிர் தலையை இறுக்கியது. எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் இரண்டு கொடிகள் மட்டும். முதல் கொடியை நோக்கிக் கூரையைக் கையால் தள்ளித் தள்ளிப் போனாள். அது அவள் முகத்துக்குள்ளேயே நுழைந்து மறைந்தது. தாண்டிரலாம், தாண்டிரலாம் என்று காதோரம் தம்பி சொன்னான். இரண்டாவது கொடி ஆட ஆரம்பித்தது. இடப்பக்கம் நகர்ந்தது. கணக்கு பிசகிக்கொண்டிருந்தது. அவள் அது ஆடத் தொடங்கும் முன் நின்ற இடத்தை மனதில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். காலால் உதைத்தாள். நெஞ்சு எரிந்தது. கைக்குக் கூரை தட்டுப்படவில்லை. தலை வெளியே வந்தது.

மூச்சு விட்டாள். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள்.

கண்ணாடி அணைந்துபோயிருந்தது. ஹெல்மெட் விளக்கு மட்டும் எரிந்தது. தரை மேடாக ஏறியது. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். அவன் பெயர் வரவில்லை. பதில் வராவிட்டால் என்ன என்ற நினைப்பு இல்லை. எந்த நினைப்புமே இல்லை. தொண்டை வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குடை எங்க?"

தயாபரன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கால் கோணலாகக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பக்கத்தில் அவன் ஹெல்மெட், சொட்டுத் தண்ணீர் பிடிக்க மல்லாத்தி வைத்திருந்தது. பூஜைப் பொரி வைத்திருந்த பிளாஸ்டிக் பை காலியாகக் கிடந்தது.

"உன்னைக் கேப்டன் கூப்பிடுறாரு. கிளம்பு," என்றாள் பவளராணி. தான் சொன்னது தனக்கே விநோதமாக இருந்தது.

"கால் போச்சுக்கா. தண்ணி ஏறுறதைப் பார்த்துட்டு ஓடி வந்தேன். வழுக்கிருச்சு. விழுந்ததுல கண்ணாடியும் போச்சு. கல்லை வெச்சுத் தட்டிக்கிட்டே இருந்தேன். யாரும் வரலை. எல்லாரும் லீவுல இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"பக்கத்து வழியில தோண்டிக்கிட்டு இருந்தோம்."

"மூணாவது இதுதானே?"

"இது நாலாவது."

அவன் கண்ணைத் திறந்தான். "பச்சைக் கோடு காட்டுச்சே."

"பலகையைத் திருப்பினது யாரு? நீதான் ஸ்பேனர் புடிச்சியாம்."

அவன் வெடித்த உதட்டோடு சிரித்தான். "சாமி கும்பிட்டதுக்குக் கூலி."

தண்ணீர் கொப்பளித்தது. டொமினிக்கின் தலை மேலே வந்தது. தயாபரனைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு வேலையைத் தொடங்கிவிட்டார். காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். மார்பில் கயிறு போட்டார்.

"தம்பி, ஒரே ஒரு மூச்சு. பைரோஸ் அந்தப் பக்கம் நின்னு இழுப்பான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செத்தவன் மாதிரி கிட."

"அதுலதான் சார் நல்லாப் பழகியிருக்கேன்."

பவளராணி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் அவன் மூக்கைப் பொத்தினாள். சின்ன வயதில் குளிப்பாட்டும்போது பொத்தியதுபோல. முங்கினார்கள். கயிறு இழுத்தது. இந்தமுறை கொடி எதுவும் இல்லை. கயிறு இருந்தது.

அவர்கள் மண்டபத்துக்கு வந்தபோது பழனியாண்டி பலகையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். அவர்கள் திரும்பி வரும்வரை அது அசையக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்; அன்றிலிருந்து இன்றுவரை அப்படிச் சொன்னது யார் என்று தெரியவில்லை. தயாபரனைப் பார்த்ததும் கையை எடுத்தார். எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே மழை விட்டிருந்தது. தோட்டத்து ஜனங்கள் கூடியிருந்தார்கள். கைதட்டினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். ஸ்ரீவத்சன் ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையைத் தானே தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ்வரை நடந்தார். பைரோஸ் யாரிடமோ தன் மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பவளராணி கையில் யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் உதட்டை விரித்தாள். தம்பி பிழைத்துவிட்டான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரியான செய்தி. வேறு யாருக்கோ வந்த செய்தி.

கால் குணமாகத் தயாபரனுக்கு மாசங்கள் ஆயின. சுரங்கத்தை மறுபடி திறந்தபோது ஊன்றுகோலோடு வந்து நின்றான். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மண்டபம்வரை மட்டும் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டான். பலகையை இப்போது குழாயிலிருந்து எடுத்துப் பாறையிலேயே போல்ட் அடித்து இறுக்கியிருந்தார்கள். பொட்டு வைக்க அதன் பக்கத்தில் ஒரு கல்லை வைத்திருந்தார் பழனியாண்டி. ஸ்ரீவத்சன் அதை அப்படியே விட்டுவிட்டார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அந்த ஐந்து வழிகளின் எண்களும் இதுவரை கண்ணாடிக்குள் மட்டுமே இருந்தன. பாறையில் யாரும் எழுதியதில்லை. பவளராணி ஒரு வாளிச் சுண்ணாம்பும் மட்டையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஒவ்வொரு வழியின் நெற்றியிலும் ஆள் உயரத்துக்கு எண் எழுதினாள். கண்ணாடி போட்டவருக்கும் தெரியும். போடாதவருக்கும் தெரியும்.

"நாலு கோணலா இருக்கு," என்றான் தயாபரன் கீழேயிருந்து.

"நீ போனதும் கோணலாத்தானே?"

"எழுதத் தெரியலைன்னா ஒத்துக்கணும்."

"ஊன்றுகோலைப் புடுங்கிக்குவேன்."

பழனியாண்டி டீயோடு வந்தார். அவள் ஏணியிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு டம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணே, சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கீங்க?"

பழனியாண்டி அவளையே பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா." அவர் தயாபரனைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார். "தம்பியைத் தேடினப்ப ஸ்டோர்ல சர்க்கரை தீந்துபோச்சு. மழையில லாரி வரலை. அத்தனை நாளும் வெறும் டீதான் குடுத்தேன். எல்லாரும் என்னை ஏசினாங்க. நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லல."

பவளராணி டம்ளரைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். திகட்டியது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தயாபரன் நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

அவள் அழுது முடிக்கும்வரை யாரும் அந்த ஐந்து வழிகளுக்குள் போகவில்லை.